சாவு வீட்டுப் பாட்டுக்காரி

வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் பாடப்போகிறேன் என்று நான் சொன்ன அன்று வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. அதுதான் எனக்குக் கடுப்பு. சண்டைக்கு வருவார்கள், பதிலுக்கு நாமும் நாலு வார்த்தை கேட்கலாம் என்று பல நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் தோசையைப் பிய்த்துக்கொண்டே, "சரி, உனக்குத் தோணுறதைச் செய்யி" என்று சொல்லிவிட்டுச் சட்னி கேட்டார். அவர் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். தோட்டத்து மோட்டார் புகைந்துபோய் வந்தால் மூடியைக் கழற்றிப் பார்த்தவுடன் இது தேறும், இது தேறாது என்று சொல்லிவிடுவார். நான் தேறுவேனா, தேற மாட்டேனா என்று மட்டும் அன்றைக்குச் சொல்லவில்லை.

அதற்கு முன்னால் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பாடகர் குழு. விசேஷ நாட்களில் ஒரு பாய் நடத்திய ஆர்கெஸ்ட்ராவில் பாட்டு. மற்ற நாளெல்லாம் வகுப்பில் கத்தல். கத்திக் கத்தித் தொண்டையில் காய்ப்பு விழுந்துவிட்டது. டாக்டர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, "டீச்சர், ஒண்ணு கிளாஸ்ல கத்துங்க, இல்ல மேடையில பாடுங்க. ரெண்டுக்கும் இந்தத் தொண்டை தாங்காது" என்றார். வேறு யாராக இருந்தாலும் மாதச் சம்பளத்தைத்தான் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நான் பாட்டைப் பிடித்துக்கொண்டேன்.

துள்ளிக் குதித்தது எதிர் வீட்டு அக்கா ஒருத்திதான். அக்கா தையல்காரி. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு ஜாக்கெட் தைத்தே ஒரே மகளைப் படிக்க வைத்தவள். கழுத்தில் அளவு டேப்போடு தெருவைக் கடந்து வந்தாள். "ஏ புள்ள, நெசமாவா? வேலையை விட்டுட்டியா? அடி சக்கை! இப்பத்தான்டி நீ மனுஷி. வா, கையைத் தூக்கு, மேடைக்குன்னு நல்லதா நாலு ஜாக்கெட் தச்சுத் தாரேன்" என்று அங்கேயே அளவெடுக்க ஆரம்பித்துவிட்டாள். துணிதான் என்னுடையது. கூலிப் பேச்சை எடுத்தால் கெட்ட வார்த்தையில் திட்டுவாள்.

காலையில் அடுப்படியில் போனில் சுருதியைப் போட்டுவிட்டுப் பாடிப் பழகுவேன். எங்கள் அடுப்படி ஜன்னலும் அவள் மிஷின் போட்டிருக்கும் முன்னறை ஜன்னலும் நேருக்கு நேர். நான் மெதுவான பாட்டாக எடுத்தால் அங்கிருந்து சத்தம் வரும். "ஏ புள்ள, நீ இப்பிடி இழுத்தா என் காலும் இழுத்துக்கிட்டே மிதிக்குது. சாயங்காலம் ஒரு கல்யாணப் பொண்ணுக்குக் குடுக்கணும். கொஞ்சம் வேகமா எதையாச்சும் பாடேன்!" நானும் சிரித்துக்கொண்டே குத்துப்பாட்டுக்கு மாறுவேன். மிஷின் தடதடவென்று ஓடும்.

சந்தோஷமாகச் சொல்ல அந்த வருஷங்களில் இருந்தது அவ்வளவுதான்.

ஆர்கெஸ்ட்ரா என்றால் படித்தவர்கள் என்னென்னவோ நினைத்துக்கொள்கிறார்கள். மண்டபத்தில் ஏர் கூலருக்குப் பக்கத்தில் ஒரு மேடை போட்டுக் கொடுப்பார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு பல்லவியை முடித்துச் சரணத்துக்குப் போகும்போது யாராவது இன்னொரு மைக்கில், "பந்தி போட்டாச்சு, அனைவரும் சாப்பிட வரவும்" என்பார்கள். கூட்டம் மொத்தமும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து போகும். மீதி இருப்பது தூங்குகிற கைக்குழந்தையும் அதை மடியில் வைத்திருக்கிற தாயும். அந்தத் தாய்க்காகச் சரணத்தை முழுசாகப் பாடுவேன். அவளும் சத்தத்தில் பிள்ளை எழுந்துவிடப் போகிறது என்று என்னை முறைத்துக்கொண்டிருப்பாள்.

பாய் நல்ல மனிதர். ஒரு காலத்தில் மேடை கொள்ளாத ஆட்களோடு நடத்தியவர். நான் முழுநேரமாக வந்து சேர்ந்த ராசியோ என்னவோ, ஒவ்வொருத்தராகக் கழன்றார்கள். கிட்டார்க்காரர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார். கீபோர்டு வாசித்தவர் கடன் வசூல் கம்பெனியில் சேர்ந்தார். ஆள் வாசிக்க வேண்டிய இடத்தில் லேப்டாப் வந்து உட்கார்ந்தது. கடைசியில் நான், பாய், லேப்டாப் மூன்றே பேர். "கவலைப்படாதீங்க டீச்சர், இன்ஷா அல்லா அடுத்த சீசன் பிச்சுக்கும்" என்று ஒவ்வொரு சீசனுக்கும் சொல்வார். நான் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகும் அவருக்கு டீச்சர்தான்.

மனசு விட்டுப்போகாமல் இருக்க என்ன செய்யலாம் என்று நானும் தேடாமல் இல்லை. போனில் வருமே, கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு ஒருத்தர், கலைஞர்கள் எப்படி உற்சாகத்தை இழக்காமல் இருப்பது என்று, அதெல்லாம் பார்த்தேன். காலையில் கண்ணாடி முன்னால் நின்று, 'நான் ஜெயிப்பேன்' என்று உரக்கச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். பின்னால் ஷேவிங் பண்ணக் காத்திருந்த என் வீட்டுக்காரர், "எதுல?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அன்றோடு கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசுவதை விட்டேன். அந்தக் கோட்டுக்காரரைத் திண்டுக்கல் மண்டபத்தில் பந்தி நேரத்தில் ஒரு பாட்டு பாடச் சொல்ல வேண்டும். அப்புறம் பார்க்கலாம் அவர் உற்சாகத்தை.

"விட்டுரவா அக்கா?" என்று ஒரு நாள் எதிர் வீட்டில் போய் உட்கார்ந்து அழுதேன். அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "விட்டுட்டு? ஸ்கூல்ல உனக்காகச் சேரைத் தொடச்சு வச்சிருக்காங்களாக்கும்? எப்பவோ ஆள் போட்டாச்சு. பாடுறவ பாடத்தான் செய்யணும். மூஞ்சியக் கழுவு, டீ போடுறேன்" என்றாள். அதற்கு மேல் ஊக்கம் எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

எங்கள் மாதா கோயில் பங்கில் ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் இறந்துபோனார். பாடகர் குழு மொத்தமும் அந்தச் சமயம் பஸ் பிடித்து வேளாங்கண்ணிக்குப் போயிருந்தது. பங்குத்தந்தை எனக்குப் போன் செய்தார். "அடக்கப் பூசைக்குப் பாட ஆளே இல்லம்மா. கீபோர்டு வாசிக்கிற பையன் மட்டும் இருக்கான். நீ வந்தா புண்ணியமாப் போகும்." எங்கள் சனங்களுக்கு இது தொழில் இல்லை, கடமை. சின்ன வயசிலிருந்து எத்தனையோ அடக்கத்துக்குப் பத்தோடு பதினொன்றாக நின்று பாடியிருக்கிறேன். போனேன்.

பெரியவருடைய மகள் கனடாவில். வர முடியவில்லை. அவள் பார்க்க வேண்டும் என்று பூசையை அப்படியே நேரலையில் விட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது எங்கள் பக்கம் கல்யாணத்துக்கும் இதுதான், அடக்கத்துக்கும் இதுதான். நான் கடைசிப் பாட்டைத் தொடங்கிய இடத்தில் கரண்ட் போனது. கீபோர்டு நின்றது, மைக் செத்தது, மேலே ஃபேன் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. மத்தியான வெயில் தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பையன் என்னைப் பார்த்தான். நான் நிறுத்தவில்லை. வெறும் தொண்டையில் பாடினேன். எல்லோருக்கும் தெரிந்த சாதாரண அடக்கப் பாட்டு. கோயில் முழுக்க ஒரு சத்தம் இல்லை. ஒருத்தர்கூடச் சாப்பிட எழுந்து போகவில்லை. இதைத்தானே இத்தனை வருஷமாகக் கேட்டேன் என்று நினைத்துக்கொண்டே பாடினேன், பெட்டியில் ஒரு மனிதர் படுத்திருக்கிறார் என்பதை மறந்து.

கேமராவுக்கு பேட்டரி இருந்தது. அதில் எல்லாம் பதிவாகிவிட்டது. கனடா மகள் அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஸ்டேட்டஸ் வைத்தாள். அவள் சொந்தக்காரர்கள் வைத்தார்கள். பிறகு பங்குக் குழுவில் வந்தது, பக்கத்துப் பங்குக்குப் போனது, அப்புறம் மதம் சாதி எதுவும் இல்லாமல் மாவட்டம் பூராவும் சுற்றியது. காய்கறிச் சந்தையில் வெங்காயம் போடுகிறவர் என் முகத்தை உற்றுப் பார்த்து, "யம்மா, நீங்கதான அது? எங்க அம்மாவை நெனச்சு அழுதுட்டேன்" என்றார். எனக்குச் சந்தோஷம். ஒளிக்க என்ன இருக்கிறது? தலைகால் புரியாத சந்தோஷம். அக்கா ஜாக்கெட் கொடுக்க வருகிறவர்களை எல்லாம் உட்கார வைத்து, "எதுத்த வீட்டுப் புள்ள, பாருங்க" என்று தன் போனில் போட்டுக் காட்டினாள். அளவு கொடுக்க வந்தவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு போனார்கள்.

பிறகு போன் அடிக்க ஆரம்பித்தது. முதலில் தொப்பம்பட்டியிலிருந்து. "ஏனுங்க, துக்கத்துக்குப் பாடுனாங்களே, அந்த அம்மணிங்களா? எங்கப்பாரு தவறிட்டாருங்க. அந்தப் பாட்டைப் பாத்ததிலிருந்து, தான் போனா இப்பிடி ஒருத்தர் பாடோணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாருங்க. ஒரு எட்டு வந்து போனீங்கன்னா நல்லாருக்குமுங்க." அவர்கள் இந்துக்கள். கோயில் பாட்டு வேண்டாம், அப்பாவைப் பற்றி எதையாவது பாடுங்கள் என்றார்கள். பஸ்ஸில் போகும்போதே நானே நாலு வரி கட்டினேன். அவ்வளவு தூரம் கூப்பிட்டுவிட்டார்களே, ஒரு தடவைதானே என்று போனேன். அதற்கு அடுத்து நெய்க்காரப்பட்டி. அதற்கடுத்து இன்னொன்று. ஒரு தடவைதானே என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டேன்.

பாய் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். டீயைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"என்ன பாய், சொல்லுங்க."

"அந்தத் தாடிக்கொம்பு பார்ட்டி, டீச்சர். ரிசப்ஷனுக்கு..."

"ஆமா. புடவைகூட எடுத்து வச்சிட்டேன்."

"அவங்க... அந்தம்மா வேணாம், வேற ஆள் இருந்தாப் பாருங்கன்னு சொல்றாங்க. நான் சொல்லல டீச்சர். அல்லா சத்தியமா நான் சொல்லல. மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைங்க அந்த வீடியோவைப் பாத்திருக்காங்க. நல்ல காரியத்துல அந்தக் குரல் வேணாம்னு..."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. "ஏன் பாய், நான் பாடுனா தாலி கட்ட மாட்டானாமா? எங்க ஃபாதர் காலையில அடக்கம் பண்ணிட்டு சாயங்காலம் கல்யாணம் பண்ணி வைக்கிறாரு. அவரு வேணாம்னு எவளாச்சும் சொல்றாளா?"

பாய் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "அவரு சாமியாரு டீச்சர். நீங்க பாட்டுக்காரி."

பிற மதத்தார் சொன்னால்கூடப் பரவாயில்லை. எங்கள் ஆட்களும் அதைத்தான் செய்தார்கள். என் பெரியப்பா மகன் வீட்டுக் கல்யாணப் பூசையில் நான்தான் பாடுவேன் என்று பேச்சு. முந்தின வாரம் அண்ணன் வந்து, "நீ பைபிள் வாசகம் வாசிச்சிரு தங்கச்சி, பாட்டைப் பாடகர் குழு பாத்துக்கட்டும். சம்பந்தி வீட்ல ஒரு மாதிரி நெனப்பாங்க" என்றார். வாசகத்தில் மட்டும் என் குரல் வேறு குரலாக மாறிவிடுமா? வாசித்தேன். குரல் கரகரத்தது. நேரலை எடுத்த பையனைத் தேடிப் பிடித்து, அந்த வீடியோவை அழித்துவிடு என்று கெஞ்சினேன். "என்கிட்ட இருக்குறதை அழிச்சிரலாம்க்கா. ஊர் பூரா வச்சிருக்காங்களே, அதை என்ன பண்ண?" என்றான்.

கல்யாணம், சடங்கு, வளைகாப்பு, திருவிழா எல்லாம் ஒவ்வொன்றாக நின்றது. பாய் வேறு ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கும் வயிறு இருக்கிறது.

இன்னொரு பக்கம் வேலைக்குக் குறைவே இல்லை. சாவுக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவர் ஒருத்தர் என் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார். பெட்டி, பந்தல், நாற்காலி, பாட்டு என்று துக்க வீட்டுக்காரர்களிடம் சேர்த்தே சொல்லிவிடுவார். பழனி ரோடு, நத்தம் ரோடு, வத்தலக்குண்டு ரோடு என்று எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் நான் பாடின வீடு ஒன்று ஜன்னல் வழியாகத் தெரியும். வெளிர் நிறப் புடவையாக எடுத்து வைத்துக்கொண்டேன். வெளியூர்ப் பிள்ளை வாசலில் வந்து இறங்கும்போது எந்த வரியைப் பாட வேண்டும், எங்கே நிறுத்திப் பெண்களின் அழுகைக்கு இடம் விட வேண்டும் என்பதெல்லாம் படிந்துவிட்டது. "அக்கா, இன்னும் கொஞ்சம் அழுற மாதிரி பாடுங்க, வீடியோ ஓடுது" என்று காதோரம் வந்து சொல்வார்கள். பாடுவேன். முடிந்ததும் யாரும் கைதட்ட மாட்டார்கள். எப்படித் தட்டுவார்கள்?

முழுநேரப் பாடகி ஆகிவிட்டேன். கேட்டது கிடைத்துவிட்டது. இனி உற்சாகமாக இருக்க வேண்டியதுதானே?

ஒரு சமயம் வாரக்கணக்கில் போன் அடிக்கவில்லை. காலையில் எழுந்ததும் கை போனுக்குத்தான் போகும். சார்ஜ் இருக்கிறதா, டவர் இருக்கிறதா என்று பார்ப்பேன். அந்த ஞாயிறு பூசையில் நோயாளிகள் குணமாக மன்றாடுவோம் என்று வாசித்தார்கள். எல்லோரும் பதில் சொன்னார்கள். என் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது. சீ, இதென்ன பிழைப்பு என்று இருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அக்காவிடம்கூட.

அக்காவுக்கு வயிற்றில் வலி. ஆடி போகட்டும், முகூர்த்த சீசன் போகட்டும், கையில் தையல் நிறைய இருக்கிறது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். மதுரைக்குக் கூட்டிப்போய்ப் பார்க்கும்போது எல்லாம் கைமீறிவிட்டது. சில வாரம் வைத்திருந்துவிட்டு, "இனி வீட்ல வச்சுப் பாத்துக்கங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இந்த வாக்கியத்துக்கு அர்த்தம் என் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அக்காவின் மகள் வாசலில் நின்று என்னிடம் சொன்னபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே உள்ளே எங்கோ ஒரு மூலையில், அக்காவுக்கு எந்தப் பாட்டு பாடுவது என்று ஓடிக்கொண்டிருந்தது.

கட்டிலை முன்னறையில், மிஷினைத் தள்ளிவிட்டு ஜன்னலோரமாகப் போட்டார்கள். தினமும் சோற்றைக் குழைத்து ரசம் ஊற்றி எடுத்துக்கொண்டு போவேன். இரண்டு வாய் சாப்பிடுவாள். "தொட்டுக்க வெஞ்சனம் என்னடி?" என்று கேட்பாள், எதையும் தொட முடியாது என்று தெரிந்தே. என் ஜாக்கெட் தோளைப் பார்த்து, "எளைச்சுட்ட புள்ள. இந்தத் தோளை ஒரு புடி புடிக்கணும். குடு, மெல்ல எந்திரிச்சதும் தச்சுத் தாரேன்" என்பாள்.

காலையில் நான் அடுப்படி ஜன்னலைச் சாத்திக்கொண்டு பழக ஆரம்பித்தேன். முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்குப் பாடியாகிவிட்டது. இவளுக்குப் பாடுவது அதையெல்லாம் விட நன்றாக இருக்க வேண்டும், ஒரு இடத்திலும் பிசிறு தட்டக் கூடாது என்று இருந்தது. குரலை அடக்கி, வாய்க்குள்ளேயே பாடுகிற மாதிரிதான் பாடினேன்.

ஒரு நாள் சோறு ஊட்டி வாயைத் துடைத்துவிடும்போது கேட்டாள். "காலையில பாடுனியே, அது யாருக்கு?"

"ஒட்டன்சத்திரத்துல ஒரு பெரியவருக்குக்கா."

"பொய் சொல்லாத. அந்தப் பாட்டு உனக்குத் தூக்கத்துல எழுப்புனாலும் வரும். அம்புட்டு தடவை திருப்பித் திருப்பிப் பழகுறியே, எனக்குத்தான?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"நான் போனப்புறம் நீ பாடி எனக்கு என்னடி வந்துச்சு? காதா கேக்கும்? இப்பப் பாடு. அந்த எழவுப் பாட்டு வேணாம். மண்டபத்துல பாடுவீல்ல, பொண்ணு மாப்பிள்ளை உள்ள வரும்போது, அதைப் பாடு. எம்புட்டு நாளாச்சு அதைக் கேட்டு."

தொடங்கினேன். பொண்ணும் மாப்பிள்ளையும் வரும்போது பாடுகிற துள்ளலான பாட்டு அது. எத்தனையோ மண்டபத்தில் லேப்டாப் தாளத்துக்குப் பாடியிருக்கிறேன். அன்றைக்கு வேகமாக எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் குரல் தானாக இழுத்தது, அழுகைக்கு இடம் விடுகிற மாதிரி நின்றது. என் காதுக்கே தெரிந்தது. அக்காவுக்குத் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொண்டு போர்வை மேல் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த விரலைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் நினைவில்லை. ஜன்னல் திறந்திருந்ததை மறந்துவிட்டேன். அடக்கிப் பாட வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் ஒரு கல்யாண மேடையிலும் அப்படிப் பாடியதில்லை. குரலை முழுசாக விட்டுப் பாடினேன்.

இரண்டாவது சரணத்தில் கேட் சத்தம் கேட்டது. யாரோ பேசினார்கள். பிறகு வாசலில் செருப்பு கழற்றும் சத்தம், ஒன்று, இன்னொன்று, பிறகு நிறைய. தெரு முக்கு டீக்கடையில் எந்நேரமும் அலறும் ரேடியோ நின்றிருந்தது. நான் பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே எங்கள் தெருப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. அவர்களுக்குப் பின்னால் மளிகைக் கடைக்காரர் கடையைப் பாதி சாத்திவிட்டு வந்து கை கட்டி நின்றார். பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்த அக்காவின் மகள் ஈரக் கையோடு ஓடிவந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு ஒரு அம்மா கேட்டாள், "எப்ப தாயி உசுரு போச்சு?"

மகள் என்னைப் பார்த்தாள். "சித்தி, எதுக்கு சித்தி பாடுனீங்க?" என்று கத்தினாள்.

அக்கா கண்ணைத் திறந்தாள். வலி மாத்திரையின் மயக்கம் அவளுக்கு. தலையைக் கொஞ்சம் தூக்கி ஜன்னல் பக்கம் பார்த்தாள். அவ்வளவு முகங்கள். அவள் முகம் மலர்ந்துபோனது. கிண்டல் இல்லை, பொய் இல்லை. அவள் சந்தோஷப்பட்டாள்.

"ஏ புள்ள, பாரு," என்றாள். "தெருவே வந்துருச்சு உன் பாட்டைக் கேக்க. நிறுத்தாத. பாடு."

நான் எழுந்து வாசலுக்குப் போனேன். அக்கா நல்லாத்தான் இருக்கு, சும்மா பாடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். ஒருத்தருக்கும் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. "உசுரோட இருக்குறவ வீட்ல வந்து உக்காந்து... கூறு வேணாம்?" என்று அந்த அம்மா முணுமுணுத்தாள். ஒவ்வொருத்தராகச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்கள். யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் 'வாரேன்' என்று சொல்லிவிட்டுத்தான் எங்கள் பக்கம் கிளம்புவோம். துக்க வீட்டில் மட்டும் சொல்ல மாட்டோம். உள்ளே அக்கா ஜன்னல் வழியாக அவர்களைப் பார்த்துச் சிரித்தபடி படுத்திருந்தாள், ஒருத்தியும் அவளிடம் 'வாரேன்' சொல்லவில்லை.